கடைசி வரிசையில் யார் உட்காருவது?

என் கூடப்பிறந்த பெரியவளே, என் அக்கா,

வண்டி எடுத்தாச்சுக்கா! ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி! நேற்று சாயங்காலத்திலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நீ கண்ணை மூடின பிறகு உன் பவித்ராவும் கார்த்தியும் மந்தைவெளியில் எங்களோடுதான் இருக்கிறார்கள். அத்தான் துபாயிலிருந்து தினமும் போனில் பேசிவிடுகிறார். அம்மா, நான், இவர், என் மகள் தியா, உன் பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஆறு பேர் ஆகிவிட்டோம். பழைய காரில் நெருக்கியடித்தாலும் ஐந்து பேர்தான். எங்கே கிளம்பினாலும் பவி முந்திக்கொள்வாள். "நீங்க கார்ல போங்க சித்தி, நானும் தம்பியும் ஆட்டோல வந்துடுறோம்." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

பதினாலு வயசுப் பெண், அக்கா. ஒரு வருஷமாக இந்த வீட்டில் இன்னொரு தோசை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. தியா அவள் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டால்கூட "பரவால்ல" என்பாள். உன் வயிற்றில் பிறந்த பிள்ளையா இப்படி அடங்கிப்போய் இருக்கிறது? வந்த புதிதில் "நல்ல பெண்ணா இரு" என்று அவளிடம் சொன்னதும் நான்தான். ஆட்டோவே வேண்டாம், எல்லோரும் ஒரே வண்டியில் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

தேடித் தேடி இரண்டு வண்டியில் வந்து நின்றோம். ஒன்றில் நடு வரிசையில் சோபா மாதிரி தனித்தனியாக இரண்டு சீட்டு. இன்னொன்றில் மூன்று பேர் சேர்ந்து உட்காரும் நீள சீட்டு, பகட்டு கொஞ்சம் குறைவு. இவருக்கு சோபா சீட்டு மேல்தான் கண்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியுமே. கடைக்காரன் பேச்சை நம்ப மாட்டோம், வைத்திருப்பவர்களைத்தான் கேட்போம். அடையாறு சிக்னலில் பக்கத்து வண்டிக்காரரைக் கண்ணாடி இறக்கச் சொல்லி, "சார், வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "சூப்பர் மேடம், கண்ண மூடிட்டு எடுங்க!" மயிலாப்பூர் மாட வீதியில் கேட்டாலும் சூப்பர். பாண்டி பஜாரில் கேட்டாலும் சூப்பர். இரண்டு வண்டிக்காரர்களும் சூப்பர் என்றால் நான் எதை எடுப்பது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே! இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பச்சை விழுந்துடுச்சு, மானத்த வாங்காத" என்று நெளிந்தார்.

உண்மை சாந்தோம் சர்ச் வாசலில்தான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த ஒரு குடும்பம் சோபா சீட்டு வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் வழக்கம்போல் புகழ ஆரம்பித்தார். பின்னால் கடைசி வரிசையிலிருந்து அவருடைய மாமியார் முனகிக்கொண்டே இறங்கி வந்தார்.

"முன்னாடி குந்திக்கினு ஓட்டுறவருக்கு இன்னா தெரியும்? என்னைக் கேளும்மா! முட்டி வந்து மோவாய்ல இடிக்கிது. ஏசி காத்து அங்க வந்து சேர்றதுக்குள்ள வூடே வந்துடும்."

மருமகன் கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளாக ஓட்டுகிறவர்களையே கேட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேனே, மடச்சி!

மறுநாளிலிருந்து கடைசி வரிசைக்காரர்களைப் பற்றி மட்டும்தான் விசாரித்தேன். கோட்டூர்புரத்தில் நீள சீட்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறவர் மனசுவிட்டுச் சொன்னார். "பொய் சொல்ல மாட்டேன்க்கா, மேம்பாலம் ஏறும்போது கொஞ்சம் மொனகும். ஆனா நடுவுல மூணு பேர் தாராளமா குந்தலாம். பின்னாடி குந்துன சவாரி ஒர்த்தரும் மூஞ்ச சுளிச்சிக்கினு எறங்குனதே கெடையாது."

ஷோரூமில் ஓட்டிப் பார்க்க அழைத்தார்கள். நான் நேராகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். "மேடம், முன்னாடி வாங்க" என்று அந்தத் தம்பி கெஞ்சினான். இரண்டு வண்டியிலும் அடையாறைச் சுற்றி வந்தோம். அந்த சாந்தோம் மாமியார் சொன்னதில் துளி பொய் இல்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "சோபா வண்டி எடுத்தா பின்னாடி ரெண்டு சீட்டு. அதுல யார் போய் உக்காருவாங்கன்னு நெனைக்கிறீங்க? நாம சொல்லவே வேணாம். பவி தம்பி கையப் புடிச்சிக்கிட்டு தானா போய் உக்காந்துடுவா."

இவர் காபியைக் கீழே வைத்தார். "நீள சீட்டே எடுத்துடலாம். மூணும் ஒண்ணா உக்காரட்டும்" என்றார். அந்த நிமிஷம் அவரை எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா?

நேற்று பிள்ளையார் கோவில் வாசலில் பூஜை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அம்மா முன்சீட்டில் ஏறினாள். பவி பின்னால் போகப் பார்த்தாள். "அது என் சீட்டு, எறங்குடி" என்று நான் போய் உட்கார்ந்துகொண்டேன். நடு வரிசையில் ஒரு ஜன்னலைக் கார்த்தி பிடித்தான், இன்னொன்றைத் தியா. பவி நடுவில் ஒடுங்கிக்கொண்டாள். இவ்வளவு அலைந்தது இதற்குத்தானா?

தியா சாதாரணமாகச் சொன்னாள். "நீ நடுவுலயே இரு பவி. நீதான் அட்ஜஸ்ட் பண்ணிப்பியே."

"ஏன், எப்பவும் நான்தான் அட்ஜஸ்ட் பண்ணணுமா? தள்ளுடி! ஜன்னல் எனக்கு!"

அக்கா, கத்தினாள்! தியாவின் ஜடையைப் பிடித்து இழுத்தாள்! அவள் இவளைக் கிள்ள, கார்த்தி "அடி, அடி" என்று குதிக்க, கற்பூரத் தட்டோடு குருக்கள் அப்படியே நின்றுவிட்டார். "சாமி முன்னாடி என்னடி சண்டை!" என்று அம்மா அதட்டினாள். இவர் திரும்பி வாயைத் திறந்தார். நான் பின்னாலிருந்தே கையைக் காட்டி, "பேசாதீங்க" என்றேன். பவியின் குரல் அச்சு அசல் உன் குரல்க்கா. கடைசி வரிசையில் நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

ஜன்னலைப் பவிதான் பிடித்தாள்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இனி உன் மகளிடம் நல்ல பெண்ணாக இரு என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் சித்தி,
உன் ஒரே தங்கை