வாயில் வந்த ஐந்து வருடம்

இன்று காலை இன்குபேட்டரைத் திறந்தபோது, பதினேழாம் எண் தட்டில் இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய திரவம் மஞ்சளாகிக் கிடந்தது. செல்களுக்குப் பசி என்று அர்த்தம். மாதிரிகளுக்கு எண் மட்டும்தான், பெயர் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்து வழக்கம். யாருடையது என்று எனக்குத் தெரியக்கூடாது. ஆனால் தெரியும். அது நீ.

சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியபோது, சாலைக் கடைத்தெருவில் உன் பைப்புக் கடையை அடைத்துவிட்டு, சிறு குப்பியோடு வந்து நின்றாயே. "மூத்திரத்த ஐஸ் பெட்டியில வச்சு வாங்குத ஆள இப்பத்தான் பாக்கேன், கேட்டியா!" பள்ளிக்கூட நாளிலிருந்தே உனக்கு வாய் அதிகம். அதிலுள்ள செல்களை, எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து சிறுநீரகம் வளர்க்கப் பார்க்கிறோம் என்றேன். எத்தனை நாளாகும் என்று கேட்டாய்.

"அஞ்சு வருஷம்."

யோசித்துச் சொன்னதில்லை. நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் எப்போதும் அப்படித்தான் எழுதுவோம். வாய்க்குப் பழகிவிட்டது.

உன் தங்கை அப்போது தன் சிறுநீரகத்தைத் தரத் தயாராக இருந்தாள். பரிசோதனையிலும் பொருந்தியிருந்தது. அவளை வேண்டாமென்று அனுப்பிவிட்டதை டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாய்: "நீ சொன்னா மதி, அது போதும். அஞ்சு வருஷம்தானே, தாங்கிக்கிடுவேன். பின்னே அவ வயித்த எதுக்குக் கீறணும்?"

அந்த ஐந்து வருடம் வெறும் வாய்ப்பேச்சு என்று அப்போதே உன்னிடம் கத்தியிருக்கவேண்டும். பயமாக இருந்தது. அடுத்த முறை சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் எழுந்து வந்தேன். நான்காம் வருட முடிவில் நீ போய்விட்டாய்.

இப்போது உன் செல்களிலிருந்து கடுகளவு சிறுநீரகத் திசு ஒன்று வளர்ந்திருக்கிறது. நுண்குழாய்கள்கூடத் தெரிகின்றன. ஒரு சொட்டு ரத்தத்தை அதனால் வடிகட்ட முடியாது. எல்லோரும் கைகுலுக்குகிறார்கள். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்குப் போகக் கரமனை பஸ்ஸில் ஏறினால் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடக்கிறேன்.

மதியம் கழக்கூட்டத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஐ.டி. வேலையாம். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, அம்மா தரத் தயார்.

"உங்க ரிசர்ச் பத்திப் பேப்பர்ல வாசிச்சேன், மேடம். அம்மாவ ஆபரேஷன் பண்ணாம, கொஞ்சம் வெயிட் பண்ணட்டா?"

"வேண்டாம். அம்மாகிட்டயே வாங்கிக்கோ. தள்ளிப்போடாதே."

"அப்போ நீங்க பண்றது?"

"அது உனக்கு உதவாதும்மா. உனக்கப்புறம் வர்றவங்களுக்கு."

இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. உன்னிடம் சொல்ல எனக்கு நான்கு வருடம் இருந்தது.