கே. சுந்தரம்மாவுக்கு வந்த கடிதம்

2024 மார்ச் 2, சனி

ஆறு மாதத் தலைமைத்துவப் பயிற்சியை முடித்துக்கொண்டு நேற்று கண்டியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா அதற்குள் ஆணி அடித்து, என் சான்றிதழை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார். வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்து, மே மாதம் கண்டியில் அதைப் பற்றிப் பேச வேண்டும். "பெரிசா யோசிக்க வேணாம் ஜெனிஸ்டா. உங்க லயத்துல உங்களுக்கு எதுல கோவம் வருதோ, அத எடுங்க" என்றார் பயிற்சி தந்த ஹாஷிம் சேர்.

எனக்குக் கோபம் கடிதத்தில்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராக்களுக்கு, ஒற்றை அறை வீடுகளுக்கு, இலக்கம் கிடையாது. பெயர், தோட்டம், ரத்தோட்டை. முகவரி அவ்வளவுதான். தபால்காரர் மர்சூக் நானா எல்லாவற்றையும் தோட்ட ஆபிஸில் கொடுத்துவிட்டுப் போவார். பிறகு யார் கண்ணில் படுகிறதோ அவர் கொண்டுவந்து தர வேண்டும். எனக்கு கேம்பஸ் கிடைத்த கடிதம், பதிவு முடிந்து பதினொரு நாள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

மார்ச் 9, சனி

முதல் சுற்று! இனிச் சனிக்கிழமைகளில் ஆபிஸில் கிடக்கிற கடிதங்களை நானே வீடு வீடாகக் கொடுக்கப் போகிறேன். கிளாக்கர் ஐயா, வேலையாட்களின் பெயர்ப் பதிவான செக்ரோலைப் பார்த்து எழுத விட்டார். யார் எந்தக் காம்பரா என்று இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், கொப்பியில் முத்து முத்தாக. ஆபிஸில் கிடந்தவை முப்பத்தொரு கடிதங்கள். சில டிசம்பரில் வந்தவை. எல்லாவற்றையும் மாலைக்குள் கொடுத்துவிட்டேன். கால் வலி உயிர் போகிறது.

எங்கள் நாலாம் லயத்திலேயே இருக்கிற சுந்தரம்மா அத்தை பிளேன்டீ தந்தார். நாலு வருடம் என் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர். கண்ணில் பிரஷர் என்று சொல்லியிருக்கிறார்கள், ஒப்பரேஷன் செய்ய வேண்டுமாம்.

"எனக்கு ஒண்ணும் வரல்லியா புள்ள? தேதி அனுப்புறேன்னாங்க."

"வந்தா மொதல்ல ஒங்களுக்குத்தான் அத்தை."

மார்ச் 16, சனி

ஒன்பது கடிதம். கே. சுந்தரம்மா என்று சிங்களத்தில் ஓர் அரசாங்கக் கவர். கொப்பியைப் பார்த்தேன். நம் அத்தை என். சுந்தரம்மா. கே. சுந்தரம்மா இருப்பது தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், மலை உச்சி லயத்தில். அந்த அக்கா அடையாள அட்டைக்கு எழுதிப்போட்டிருந்தார், அதுவாகத்தான் இருக்கும். அவ்வளவு தூரம் ஏறிப் போனால் காம்பரா பூட்டு. கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தேன். கொப்பி இல்லாவிட்டால் குழம்பியிருப்பேன்.

ஏப்ரல் 6, சனி

மழை. நாலு கடிதம். அத்தை வாசலில் நின்று கேட்டார். இல்லை என்றேன்.

ஏப்ரல் 27, சனி

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

மேற்கணக்கு அக்கா தம்புள்ளையில் மகள் வீட்டில் இருந்துவிட்டு, வருடப் பிறப்பெல்லாம் முடிந்து நேற்றுத்தான் வந்திருக்கிறார். இன்று என் கையில் அந்தக் கவரைத் தந்தார். "இது என்னோடது இல்ல புள்ள. ஆஸ்பத்திரி காயிதம் மாதிரி இருக்கு."

கண் ஆஸ்பத்திரி. ஒப்பரேஷனுக்கு ஏப்ரல் 4 வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் சுந்தரம்மா அத்தை கருப்பையாவின் மகள். அடையாள அட்டையில் அப்பாவின் முதலெழுத்து, செக்ரோலில் புருஷன் நல்லையாவின் முதலெழுத்து. இந்தத் தோட்டத்தில் கல்யாணம் கட்டி வந்த எல்லாப் பொம்பிளைகளுக்கும் அப்படித்தான். என் அம்மாவுக்கும் அப்படித்தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். கொப்பியைப் பார்த்த நேரம் அத்தையின் முகம் எங்கே போனது? கண் தேதிக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு கிழமைக்கு முன்னால்தானே சொன்னார். கவரைத் திருப்பி முத்திரையையாவது வாசித்தேனா?

ஏப்ரல் 28, ஞாயிறு

பூசை முடிந்ததும் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். அத்தையின் வீட்டுக்காரர் நல்லையா மாமாவும் இருந்தார். "மாறிப் போயிருச்சு மாமா" என்றேன். மாறிப் போயிருச்சாம்! கடிதம் தானாக எழுந்து மலை ஏறிப் போனது மாதிரி. யார் மாற்றியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 6, திங்கள்

நல்லையா மாமா தபால் கந்தோருக்குப் போய், ஆட்கள் பார்க்க மர்சூக் நானாவை ஏசிவிட்டு வந்திருக்கிறார். அம்மா சொன்னார்; சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

அத்தைக்குப் புதுத் திகதி ஜூன் 4.

மே 12, ஞாயிறு

ஹாஷிம் சேர் கோல் எடுத்தார். பதினெட்டாம் திகதி முதலாவதாக நான்தான் பேச வேண்டுமாம். நான் கடிதக் கட்டோடு நிற்கிற படத்தைப் பெரிதாகப் போடப் போகிறார்களாம்.

சரி சேர், சரி சேர் என்றேன். நீ ஒரு கோழை ஜெனிஸ்டா.

மே 14, செவ்வாய்

காலையில் பெரட்டுக் களத்துக்குப் போனேன். வேலைக்குப் பெயர் பதிவதற்கு முன்னால் எல்லோரும் அங்கே கூடி நிற்கிற நேரம். கங்காணியிடம் இரண்டு நிமிஷம் கேட்டேன். ஆறு மாதம் பேசப் பழக்கியிருந்தார்கள், ஆனால் முதல் வசனத்தை இரண்டு முறை தொடங்க வேண்டியிருந்தது.

"சுந்தரம்மா அத்தையோட காயிதத்த மாத்திக் குடுத்தது நான். மர்சூக் நானா இல்ல. ஆபிஸும் இல்ல. நான்தான். கொப்பிய மட்டும் பாத்தேன், யோசிக்கல்ல. தெரிஞ்ச பொறகும் மறைச்சேன்."

நல்லையா மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை கூடையைச் சரிசெய்துகொண்டு கிட்ட வந்தார். இப்போது கிட்ட வந்தால்தான் அவருக்கு முகம் தெரிகிறது.

"இனிமே எங்க வூட்டுக் காயிதத்த நீ தொடாத."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மே 18, சனி

கண்டிக்குப் போகவில்லை. காரணத்தை ஹாஷிம் சேருக்கு மறைக்காமல் எழுதி அனுப்பினேன். இந்நேரம் மேடையில் நின்றிருக்க வேண்டியவள், மர்சூக் நானாவின் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லையா வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு மகள். விடுங்க" என்றார். பிறகு, "கொப்பி எத்தன நாளைக்கு? வாசல்ல இலக்கத்த எழுதுங்க. போஸ்ட் மாஸ்டர்ட்ட நான் கதைக்கிறன். இலக்கம் இருந்தா நானே லயத்துக்கு ஏறி வாறன்."

ஜூன் 11, செவ்வாய்

அத்தைக்கு வலது கண்ணில் ஒப்பரேஷன் சரி. இடது கண் போனது போனதுதான். ஏப்ரலிலேயே செய்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாமா? டொக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை என்று அம்மா சொல்கிறார். எனக்காகச் சொல்கிறாரோ என்னவோ. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

ஜூலை 6, சனி

தோட்டத்தை நடத்துகிற துரை சம்மதித்துவிட்டார், தபால் கந்தோரிலும் பதிந்தாயிற்று. மூன்று சனிக்கிழமையாக பெயின்ட் டின்னோடு அலைகிறேன். லயத்தின் இலக்கம், பக்கத்தில் காம்பராவின் இலக்கம். இன்று நாலாம் லயம். 4/6 எழுதி முடித்து அடுத்த வாசலுக்குப் போனேன். அத்தை உள்ளே இருந்தபடியே, "எங்களுக்கு வேணாம்" என்றார். 4/8க்குப் போய்விட்டேன்.

ஜூலை 27, சனி

எல்லா லயமும் முடிந்தது, ஒரு கதவைத் தவிர. பிரஷ் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போகும்போது அத்தை கூப்பிட்டார்.

"எங்க வூட்டுக்கு என்னா நம்பரு?"

"நாலு, கோடு, ஏழு."

"எழுது, அப்ப."

எழுதினேன். என் கையெழுத்து இவ்வளவு மோசமாக ஒரு நாளும் இருந்ததில்லை. அத்தை கிட்ட வந்து, தலையைச் சாய்த்து வலது கண்ணால் பார்த்தார். பிறகு விரலால் தடவிப் பார்த்தார். ஏழின் கால் இழுபட்டுப் போனது. அழித்து எழுதப் போனேன்.

"இருக்கட்டும் வுடு. வாசிக்கத் தெரியுதுல்ல?"

வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆகஸ்ட் 17, சனி

மர்சூக் நானா இன்று நாலாம் லயத்துக்கு வந்தார். நான் எங்கள் வாசலில் உடுப்பு பிழிந்துகொண்டிருந்தேன். கவரைப் பார்த்து, கதவுகளைப் பார்த்து நடந்து வந்தவர், கால் இழுபட்ட அந்த ஏழுக்கு முன்னால் நின்றார். "கே. சுந்தரம்மா" என்று கூப்பிட்டார். அத்தை வந்து வாங்கிக்கொண்டார்.

மாமா வேலைக்குப் போயிருந்தார். பக்கத்துக் காம்பராவில் சிங்களம் வாசிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் தலையை நிமிர்த்தாமல் உடுப்பைப் பிழிந்தேன்.

"ஜெனிஸ்டா. இங்க வா, இத வாசி."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய் வாங்கினேன். முதலில் பெயரை வாசித்தேன், பிறகு இலக்கத்தை, பிறகுதான் பிரித்தேன். செப்டம்பர் 3, காலை எட்டு மணி, கண் கிளினிக். இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.