உன் அம்பாசிடருக்கு நான் ஊற்றிய பச்சைக் கூலண்ட்

என் உயிரான அண்ணனுக்கு,

உன் வண்டி செத்துவிட்டது, அண்ணே. கொன்றது நான்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசுவதற்கு முன்னால் நானே உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

உன் மருமகள் மகிக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற, என்னைக் கட்டிய உன் மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலில். தாய்மாமன் மடிக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "ஒங்க பெரியப்பா மகன் இருக்காருல்ல, அவர உக்கார வச்சிருவோம்" என்றார் என் மாமியார். எனக்குப் பொறுக்கவில்லை. நீ கண்ணை மூடி எட்டு மாதம்தானே ஆகிறது? உன் அம்பாசிடரைக் கோயில் வரை ஓட்டிக்கொண்டு போவோம், நீ உட்காரும் டிரைவர் சீட்டில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்துவோம் என்றேன். சிரித்தார்கள். நான் விடவில்லை.

எட்டு மாதமாய் நின்ற வண்டி. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே சேற்றுத் தண்ணீர். நீ எப்போதும் போர்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றித்தானே ஓட்டினாய்? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் பயம் உனக்குத் தெரியும். பிள்ளை இரண்டு தும்மல் போட்டாலே டாக்டருக்குப் போன் போடுகிறவள் நான். அவளை வைத்துக்கொண்டு போகும்போது வழியில் எஞ்சின் கொதித்தால்?

போனில் தேடித் தேடிப் படித்தேன். எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டில் ஆரஞ்சு, ரோஸ், நீலம், பச்சை என்று எத்தனை வகை! வருடக்கணக்கில் தாங்கும் ஆரஞ்சு, புது வண்டிகளின் அலுமினிய ரேடியேட்டருக்கானதாம். உன்னுடையதைப் போலச் செம்பும் பித்தளையுமாய், ஈயம் வைத்துப் பற்றவைத்த ரேடியேட்டருக்கு அது ஆகாது, ஈயத்தை அரிக்கும் என்கிறார்கள். பழைய பச்சைதான் சரி. அதையும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். போர்த் தண்ணீர் கூடாது, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைத்தான் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். பரீட்சைக்குக் கூட நான் இப்படிப் படித்ததில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன்.

"பச்சதான் வேணுமாம்மா? எல்லாரும் ஆரஞ்சுல்ல கேக்காக."

"பித்தள ரேடியேட்டர் பாய். அண்ணன் வண்டி."

"அந்தக் கிரீம் கலர் அம்பாசிடரா? அவிய ஒரு நாளும் இதெல்லாம் வாங்குனதில்லையே. 'டப்பாவுல ஆண்டிஃப்ரீஸ்னு போட்டிருக்கு, ராஜபாளையத்துல எந்தத் தெருவுல பாய் ஐஸ் கட்டுது'ன்னு என்னயக் கேலி பண்ணுவாக."

சிரித்துவிட்டேன். "உறையாம இருக்க மட்டும் இல்ல, சீக்கிரம் கொதிக்காம இருக்கவும்தான்" என்று உனக்குச் சொல்வதைப் போல அவரிடம் சொன்னேன். பாய் டப்பாவைத் துடைத்துக் கொடுத்தார்.

அது இனிக்குமாம், அண்ணே. பிள்ளைகள் தெரியாமல் குடித்தால் உயிருக்கே ஆபத்தாம். டப்பாவைப் பரணில் ஏற்றி, ஏணியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் எடுக்க வேண்டும் என்று படித்திருந்தேன். கிளீனர் பொடி போட்டு எஞ்சினை ஓடவிட்டு, மூன்று தடவை கழுவினேன். மஞ்சளாய், குழம்பு மாதிரி வந்தது. துரு என்று நினைத்தேன். நாலாவது தடவை கண்ணாடி போலத் தண்ணீர். உன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன், அம்புட்டுப் பெருமை எனக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வண்டி பூப்போலப் போனது. பின் சீட்டில் தன் அப்பா மடியில் இருந்துகொண்டு "மாமா காரு, மாமா காரு" என்று மகி ஒரே ஆட்டம். ஊரைத் தாண்டி மலைப் பக்கம் திரும்பிய பிறகு இனிப்பாய் ஒரு வாடை வந்தது. சூடு காட்டும் முள் உன் காலத்திலேயே வேலை செய்யாது.

"வண்டிய நிப்பாட்டு. என்னமோ வாட வருது" என்றார் உன் மாப்பிள்ளை.

"புதுக் கூலண்ட்டு வாடங்க. போகப் போகச் சரியாயிரும். நல்ல நேரம் முடியப் போகுது."

நான் நிறுத்தவில்லை, அண்ணே. சரியானதைத்தானே ஊற்றியிருக்கிறேன் என்ற திமிர். எஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டு, ஒரு இழுப்பு இழுத்து, நின்றது. பானெட்டைச் சுற்றி ஒரே ஆவி. கீழே ரோட்டில் பச்சையாய்க் குளம் கட்டியிருந்தது. மகி குனிந்து விரலை நீட்டினாள். அவள் கையில் ஓங்கி அடித்தேன். அவளை நான் அடித்தது அதுதான் முதல் தடவை.

விசேஷத்துக்கென்று பின்னாலேயே பைக்கில் வந்த உன் கூட்டாளி, மெக்கானிக் சேவியர் அண்ணன், இறங்கி வந்து பார்த்தார்.

"ரேடியேட்டரக் கழுவினியா தாயி?"

"மூணு நாலு தடவ கழுவினேன்."

"மஞ்சளா வந்துச்சா?"

"ஆமா. துருதான?"

அவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "துரு இல்ல தாயி, மஞ்சப்பொடி. போன வருசம் சங்கரன்கோயில் போகயில ரேடியேட்டர்ல ஓட்ட விழுந்துச்சு. ஒங்க அண்ணன் ஓட்டல்ல ஒரு பாக்கெட்டு மஞ்சப்பொடி வாங்கி உள்ள கொட்டுனான். ஒழுக்கு நின்னுருச்சு. பொறவு ஈயம் பத்திக்கிடலாம்லேன்னான். நானும் விட்டுட்டேன். ஓட்டய அடச்சிருந்த அதத்தான் நீ கழுவி எடுத்துட்ட."

ஏன் அண்ணே என்னிடம் சொல்லவில்லை? நெஞ்சு வலித்தபோதும் வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டே திரிந்தாய். அதையும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேனா?

ஷேர் ஆட்டோவில் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரியப்பா மகன் மடியில்தான் உட்கார வைத்தார்கள். வலது காதைக் குத்தியதும் மகி அலறி, அவர் வேட்டியெல்லாம் வாந்தி எடுத்து, கையைக் காலை உதறிக்கொண்டு இறங்கி ஓடிவிட்டாள். எத்தனை பேர் பிடித்தும் முடியவில்லை. "விடுங்க, புள்ள நெளியுறா. இன்னொரு நா பாத்துக்கிடுவோம்" என்றார் ஆசாரி. "ஒத்தக் காதோட பொம்பளப் புள்ளயக் கூட்டிட்டுப் போறதா?" என்று மாமியார் முனகினார். அப்படித்தான் கூட்டி வந்தோம்.

போன வாரம் சேவியர் அண்ணன் எஞ்சினைப் பிரித்துக் காட்டினார். எஞ்சினின் உடம்பான பிளாக்கிலேயே நீளமாய் ஒரு விரிசல். "ஒட்டுப் போட்டாலும் நிக்காது தாயி" என்றார். வேறு எஞ்சினுக்குத் தெரிந்த இடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கிடைக்கும் என்று அவர் முகம் சொல்லவில்லை. வண்டி நிற்கிற அவர் ஷெட்டிலும் இந்த மாதக் கடைசி வரைதான் இடம். பிறகு பழைய இரும்புக்காரர் வருவார்.

உன் சேற்றுத் தண்ணீரோடே ஓட்டியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்போமா? கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு டப்பாவை வாங்கி, கழுவாமல் ஊற்றியிருந்தால்? வாடை வந்ததும் நிறுத்தியிருந்தால்? யாரிடம் கேட்பது? மகிகூட இப்போது "மாமா காரு" என்று சொல்வதில்லை.

வண்டியை ஓட வைப்பேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். என்னால் முடியாது. இரும்புக்காரர் வருவதற்கு முன்னால் ஆசாரியை அந்த ஷெட்டுக்குக் கூட்டிப் போவேன். உன் சீட்டில் உட்கார்ந்து, பிள்ளையை என் மடியில் வைத்து, இடது காதைக் குத்துவேன். அவள் உதறுவாள். இறுக்கிப் பிடிக்க என் இரண்டு கைகள்தான் இருக்கும். அதைக்கொண்டே பிடித்துக்கொள்கிறேன், அண்ணே.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
தங்கச்சி