இடையில் நான்

ஜூன் 16

துணைப்பாடம் எழுதிக் கொடுத்தாயிற்று: 'உலக மொழிகளும் பண்பாடுகளும்'. வணிகவியல் படிக்கிறவளுக்கு இது எதற்கு என்று துறை எழுத்தர் மூக்கின்மேல் விரலை வைத்தார். அப்பா வழக்கம்போல, "சோறு போடுமா அது?" என்றார். போடாதுதான். ஆனால் அதில் அண்ணியின் மொழியும் உண்டு; அவளோடு பேச வைக்கும்.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன அண்ணன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அம்மா அவனோடு பேசுவதில்லை. அண்ணிக்கு நம் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. போனில் நாங்கள் இருவரும் பல்லைக் காட்டிக் கையாட்டுவதோடு சரி. அவள் மொழியை நான் கற்றுக்கொண்டால் அம்மாவையும் அவளையும் எப்படியாவது பேச வைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அக்டோபர் 4

இருவருக்கு நடுவே உட்கார்ந்து பேச்சைப் பெயர்த்துச் சொல்கிறவர், 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாதாம். பேசுகிறவராகவே மாறி 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இதையே நாள் தவறாமல் ஓதுவதால் விரிவுரையாளருக்கு வகுப்பில் 'நான் மேடம்' என்று பேர்.

அண்ணனிடம் சொன்னேன். "அப்போ அவ என்னைத் திட்டறதையெல்லாம் நீ 'நான்'னு சொல்லித் திட்டுவியா?" என்று சிரித்தான். சிரிக்கிற நேரம் பார்த்து அம்மாவிடம் போனை நீட்டினேன். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். "விடு" என்று அவனும் வைத்துவிட்டான். தாயும் பிள்ளையும் ஒரே அச்சு.

ஜூலை 8

இரண்டாம் ஆண்டு. இன்று அண்ணியோடு சைகை இல்லாமல் பேசினேன்! அவள் அழுதேவிட்டாள்.

டிசம்பர் 9

அண்ணன் இல்லை. லாரி மோதி— அடக்கமும் அங்கேயேதானாம்.

எழுத வரவில்லை.

டிசம்பர் 30

அண்ணனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணி தனியாக வந்தாள். முதல் இரண்டு நாள் அம்மா அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இன்று மத்தியானம் திடீரென்று எதிரே வந்து உட்கார்ந்தாள். நடுவில் நான்.

"கேளுடி அவகிட்ட. அவன் என்னைப் பத்தி எதாவது பேசுவானா?"

கேட்டேன். அண்ணி அம்மாவையே பார்த்துச் சொன்னாள்: "பேச மாட்டார். உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். உங்களிடம் நான் பொய் சொல்ல மாட்டேன்."

ஐயோ, இதை 'நான்' போட்டு எப்படிச் சொல்ல? அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் கேப்பானாம்மா. அம்மா சாப்பிட்டாங்களான்னு."

அம்மா அண்ணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் அண்ணி என்னிடம், "அவ்வளவு கசப்பான உண்மையைக் கேட்டும் என்னை அணைத்துக்கொண்டாரே, உன் அம்மாவுக்குப் பெரிய மனசு" என்றாள். தலையாட்டினேன். வேறென்ன செய்ய? படுபாவி நான்.

ஜனவரி 5

அண்ணி ஊருக்குப் போய்விட்டாள். வாராவாரம் போன் செய்வாளாம். வழியனுப்பிவிட்டு வந்ததும் அம்மா, "அவ பேச்சை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்றாள். இவர்கள் பேச வேண்டும் என்றுதானே இந்தப் பாடத்தையே எடுத்தேன்? இப்போது எங்கே பேசிவிடுவார்களோ என்று பயந்து சாகிறேன்.

பிப்ரவரி 11

துணைப்பாடத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். இனி முடியாதாம்.

மார்ச் 2

அண்ணியின் போன் வந்தது. அம்மா தட்டுத்தடுமாறி அவள் மொழியிலேயே நலம் விசாரித்தாள். அவள் பதில் சொல்லச் சொல்ல அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன்.

"அம்மா, அன்னிக்கு அண்ணி சொன்னது அது இல்லம்மா."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்டி. சாப்பிட்டியான்னு அவன் ஒரு நாளாவது என்னைக் கேட்டிருக்கானா? வீட்டுக்குள்ள நுழையும்போதே, எனக்கு என்ன இருக்குன்னுதான் கேப்பான்."

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"வேற என்னல்லாம் கேப்பான்? சொல்லு."

"உன் முழங்கால் வலி தேவலையான்னு கேப்பானாம்மா" என்றேன்.

"ம்" என்றாள் அம்மா. "அப்புறம்?"