வெறும் பறியோடு நடந்தவருக்கு

அப்பா,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரிந்தும் எழுதுகிறேன். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் என் கையில் தந்து, "பிள்ளை, நீயே வாசிச்சு நல்லதை மட்டும் சொல்லு" என்பீர்கள். இதில் நல்லது அதிகம் இல்லை. வாசித்துக் காட்டவும் உங்களுக்கு அருகில் ஆளில்லை. ஆனாலும் இதை வேறு யாரிடமும் சொல்ல எனக்கு முடியவில்லை.

இன்று காலை இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சை இன்னும் எடுக்கவில்லை. அதில் ஸ்பிரிட் மணம் இருக்கிறது. மன்னாரில் கிளினிக் நாளில் நீங்களும் நானும் நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருப்போமே, அங்கே வீசுகிற அதே மணம். கிளினிக் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வாசிப்பவர் போல இருப்பீர்கள். நான் பார்த்தும் பாராதது போல இருப்பேன்.

எனக்கும் சீனி வருத்தம் வருகிறது, அப்பா. இருபத்தேழு வயதில். மூன்று மாதத்துக்கு முன் இங்குள்ள டொக்டர், எல்லைக்கோட்டில் நிற்கிறாய் என்றார். உடம்பைக் குறை, ஒவ்வொரு நாளும் வேர்க்க வேர்க்க நட, ஓடு, பிறகு இன்னொரு முறை பார்ப்போம், குறையாவிட்டால் குளிசை போட வேண்டும் என்றார். அந்த இன்னொரு முறைதான் இன்று. முடிவைத் திங்கட்கிழமை தொலைபேசியில் சொல்வார்கள்.

அவர் சொன்னது குளிசையை. எனக்குக் கண்ணில் வந்தது உங்கள் கால். முதலில் ஒரு விரலை வெட்டினார்கள், பிறகு இரண்டு, பிறகு முழங்காலுக்குக் கீழே. இங்கே முதியோர் இல்லத்தில் என் வேலை நாள் முழுக்க நிற்பதும் ஆட்களைத் தூக்குவதும்தான். கால் போனால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். அம்மாவும் தம்பியும் இதை நம்பித்தான் பள்ளிமுனை வீட்டில் அடுப்பு மூட்டுகிறார்கள்.

லண்டனில் ஜிம்முக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும். ஒருநாள் வெளியே நின்று பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் இயந்திரத்தின்மேல் ஓடிக்கொண்டே இருந்தார்கள், இருந்த இடத்திலேயே. கட்ட வழியுமில்லை, உள்ளே போகத் துணிவுமில்லை. தண்ணீர்ப் போத்தல் இரண்டை நிரப்பித் தூக்கினேன். கயிறு வாங்கி அறைக்குள் துள்ளினேன். இரண்டாம் நாளே கீழ்வீட்டு அன்ரி படியேறி வந்துவிட்டார். வவுனியாக்காரி, வீட்டுக்குச் சொந்தக்காரி.

"என்ன பிள்ளை, மேல மா இடிக்கிறியே?"

"இல்லை அன்ரி. உடம்புக்கு."

"உன்ர உடம்புக்கு ஏன் என்ர வீட்டை இடிக்கிறாய்? ரோட்டு கிடக்குத்தானே, ஓசிதானே, போய் ஓடன்!"

சொல்வது அவருக்குச் சுலபம். பக்கத்துப் பூங்காவில் யாரும் காசில்லாமல் பாவிக்கலாம் என்று இரும்புக் கருவிகள் நட்டிருக்கிறார்கள். இரண்டு கிழவர்கள் அங்கே நின்றார்கள். அவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். பிறகுதான் ஒரு வழி பிடித்தேன். தோளில் கைப்பை, கையில் கடைப் பை, வேலைக்குப் போகிற சப்பாத்து. ஒரு பஸ் தரிப்பிலிருந்து அடுத்த தரிப்புவரை பஸ்ஸைத் தவறவிட்டவள் போல ஓடுவேன். அங்கே நின்று மூச்செடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து முகத்தைச் சுளிப்பேன். அந்தப் பஸ்ஸையும் விட்டுவிட்டு அடுத்த தரிப்புக்கு ஓடுவேன். பஸ்ஸுக்கு ஓடுகிறவளை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஒரு சாரதி பார்த்துவிட்டார், அப்பா. நரைத்த தாடி. நான் ஓடுவதைக் கண்ணாடியில் கண்டு, புறப்பட்ட பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தார். "ஆறுதலாக வா, உன்னை விட்டுவிட்டா போய்விடுவேன்?" என்று ஆங்கிலத்தில் சொன்னார். உள்ளே இருந்தவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். ஏறினேன். அட்டையைத் தட்டிக் காசு கட்டி, ஒரு தரிப்பு போய் இறங்கினேன். அடுத்த நாளும் அவர்தான் வந்தார், எனக்குக் கை காட்டிப் பஸ்ஸை நிறுத்தினார். நான் சும்மா ஓடுகிறேன் ஐயா, நீங்கள் போங்கள் என்று சொல்ல ஒரு வசனம் போதும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் எடுத்தவளுக்கு அந்த ஒரு வசனம் வாயில் வரவில்லை. மறுபடியும் ஏறினேன். இருக்கையில் அமர்ந்து, மடியில் வைத்த கடைப் பையைப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

அப்போதுதான் உங்கள் பறி எனக்கு விளங்கியது.

கண் மங்கி நீங்கள் கடலை விட்டிருந்த காலம் அது. கிளினிக்கில் டொக்டரம்மா, "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் கையை வீசி நடவுங்கோ ஐயா" என்றார். வெளியே வந்ததும், "கையை வீசியோ? வேலைவெட்டி இல்லாதவன் எண்டெல்லோ சனம் நினைக்கும்" என்றீர்கள். அடுத்த நாள் விடிய, மீன் போடுகிற ஓலைப் பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினீர்கள். பள்ளிமுனையிலிருந்து பஸ் நிலையம்வரை போய், அதே பறியோடு திரும்புவீர்கள். தொழிலுக்குப் போய் வருகிற மனிதரை யார் என்ன கேட்பார்கள் என்று நினைத்தீர்கள். கேட்டார்கள்.

"சம்மாட்டியார், பறி பாரமோ? ஒரு கை பிடிக்கட்டோ?" என்பான் தேத்தண்ணிக் கடைக்காரன். ஒரு நாளும் சொந்த வள்ளம் வைத்திராத உங்களுக்கு, வள்ளக்கார முதலாளிப் பட்டம்.

"பாரம்தான் தம்பி. முழுக்கக் காத்து. கிலோ என்ன விலைக்கு எடுக்கிறாய்?" என்பீர்கள் நீங்கள்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், நடந்தீர்கள். சீனி குறைந்தது. "நடையை விடாதேங்கோ ஐயா" என்று டொக்டரம்மா சொன்னபோது உங்களுக்கு வந்த சிரிப்பை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அதற்கு அடுத்த கிழமைதான் என் பல்கலைக்கழகத் தோழிகள் இருவர் வந்தார்கள். காலையில் அவர்களை ஏற்றிவிடப் பஸ் நிலையத்தில் நின்றேன். நீங்கள் பறியோடு வந்தீர்கள். கடைக்காரன் வழக்கம்போலக் கத்தினான், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தோழிகளும் சிரித்தார்கள். "பாவமடி அந்த மனிசன், மண்டை பிழையோ? ஆரடி அது?" என்றாள் ஒருத்தி.

"தெரியேல்ல" என்றேன்.

நீங்கள் மூன்றடி தூரத்தில் நின்றீர்கள். என்னைப் பாராமலே, வேறு யாரையோ தேடுகிறவர் போலக் கடந்து போனீர்கள். எனக்காகத்தான் பாராமல் போனீர்கள்.

அன்று மாலை நான் அழுது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பா, இனி உந்தப் பறியைத் தூக்கிக்கொண்டு திரியாதேங்கோ. சனம் விசர் எண்டு சிரிக்குது." நீங்கள் கோபப்படவில்லை. "ஓம் பிள்ளை. நீ படிச்ச பிள்ளை, உனக்குத் தெரியும்தானே" என்றீர்கள். விடிந்ததும் நீங்கள் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் போகவில்லை. குளிசை இருக்கிறதுதானே என்று நானும் இருந்துவிட்டேன். காலில் சிப்பி வெட்டிய காயம் உங்களுக்கு வலிக்கவே இல்லை என்று அம்மா சொன்னபோது நான் இங்கே வந்துவிட்டிருந்தேன். அந்தக் காயத்தோடுதான் கால் போனது, பிறகு நீங்களும். உங்களை அடக்கம் செய்ததைத் தொலைபேசியில் பார்த்தேன், வேலையிடத்துக் கழிப்பறைக்குள் நின்று.

இன்று காலை தாதி படிவம் நிரப்பினாள். அப்பாவுக்குச் சீனி இருந்ததா? ஓம். எப்படி இறந்தார்? சொன்னேன். அவர் உடற்பயிற்சி ஏதும் செய்தவரா? விளக்கிச் சொல்ல ஆங்கிலம் இருந்தது. பறியைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "இல்லை" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். நடந்து நடந்து சீனியைக் குறைத்த மனிதரை இரண்டாம் முறையும் தெரியாது என்று சொல்லிவிட்டேன், அப்பா. இந்த முறை எழுத்தில்.

அறைக்கு வந்ததிலிருந்து கட்டிலில் இருக்கிறேன். ஓடப் போகவில்லை. மூன்று மாதம் கள்ளி போல ஒளித்து ஓடியது போதுமா என்று தெரியவில்லை. போதாது என்றுதான் மனம் சொல்கிறது. சீனி பரம்பரையாக வரும் என்று டொக்டர் விளக்கினார். படித்தவள்தானே, எனக்கு அது விளங்கும். ஆனால் ஒவ்வொரு இரவும் செபம் சொல்ல முழந்தாளிடும்போது வேறொன்றுதான் விளங்குகிறது. உங்களை நடக்கவிடாத வாய்க்கு, உங்களுக்கு வந்ததே வருகிறது என்று.

உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. கேட்காமலே தந்தீர்கள். மன்னிப்பும் கேட்கமாட்டேன், அதை அன்று மாலையே தந்துவிட்டீர்கள் என்று தெரியும். இந்த ஒன்றை மட்டும் கேட்கிறேன். திங்கட்கிழமை தொலைபேசி அடிக்கும் முன், கனவிலோ எப்படியோ வந்து, இது தண்டனை இல்லை பிள்ளை என்று ஒருமுறை சொல்லுங்கள், அப்பா.