நல்ல கால்

ஜூன் 16, 2025, திங்கள்
இன்றிலிருந்து நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன், எனக்கு வெட்கமாக இருந்தாலும்.

அம்மா காலையில் வாசற்படியில் விழுந்துவிட்டாள். நான் கை நீட்டுவதற்குள் எழுந்து, "செருப்பு வழுக்கிடுச்சி" என்றாள். செருப்பு வழுக்கவில்லை. நான் பார்த்தேன், முட்டி மடங்கியது. அதுவும் வலது முட்டி!

அம்மாவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது இடது காலில். ஒவ்வோர் எட்டுக்கும் இடது கையால் தொடையை அழுத்திக்கொண்டுதான் நடப்பாள். வலது கால் நல்ல கால். அது ஏன் மடங்க வேண்டும்?

இரவு வழக்கம்போல் அவளே வீட்டைச் சுற்றிவந்து விளக்குகளை நிறுத்தினாள். ஸ்விட்ச் என் தலைக்கு மேலேயே இருந்தாலும் என்னிடம் சொல்ல மாட்டாள். யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள்.

ஜூன் 17
அறிவியல் புத்தகத்தில் போலியோவுக்கு ஒரே பத்தி. சொட்டு மருந்து வந்தது, நோய் ஒழிந்தது, முடிந்தது. வந்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்? மிஸ்ஸிடம் கேட்டேன். "அதான் இந்தியாவுலயே போலியோ இல்லியேம்மா" என்றார்.

எங்கள் வீட்டில் இருக்கிறதே.

ஜூன் 19
அம்மா படுத்திருந்தபோது இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்தேன். இடது கால் பானைத் தண்ணீர்போல் சில்லென்று இருக்கிறது. இந்த வெயிலிலும்!

"வுடுடி, கூசுது. எனக்கு மட்டும் ஓசியில ஏசி" என்று சிரித்தாள்.

சிறுவயதில் காலைத் தாங்க இரும்புக் காலிப்பர் மாட்டியிருந்தாளாம். பத்தாவது முடித்ததும் கழற்றிப் போட்டாளாம். ஏன் என்றேன்.

"சத்தம். நான் வர்றதுக்கு முன்ன அது வந்து நிக்கும்."

ஜூன் 22, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது எதிர்வீட்டுத் தாத்தா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், தெருவில் எல்லாருக்கும் அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். "நடக்கணும் மேரி. மார்ஷே! மார்ஷே!" என்று தெருவிலேயே நடைபோட்டுக் காட்டினார். அப்பாவும் ஆமாம் என்றார்.

அம்மாவும் மறுக்கவில்லை. அவள் அப்பா அந்தக் காலத்தில் சொல்வாராம்: "குந்தினா கால் நடக்க மறந்துடும்." அதனால் அவள் எங்கேயும் குந்துவதே இல்லை. மருந்துக்கடையில் காலை முதல் நின்றபடியேதான் வேலை. அவளுக்கென்று போட்ட ஸ்டூலில் அவள் சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்திருக்கிறது.

நாளை முதல் சாயங்காலம் கடற்கரைச் சாலை. திட்டம் போட்டது நான்.

ஜூன் 23
காந்தி சிலையிலிருந்து நடந்தோம். "அடுத்த விளக்கு வரைக்கும்மா" என்று நான் முன்னால் ஓடி நின்றேன். அம்மாவின் முகமெல்லாம் வேர்வை. ஆனாலும் வந்தாள்.

ஜூன் 27
நேற்றைவிட அதிகம்! கைதட்டினேன்.

ஜூன் 28
அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. வலது காலைத் தூக்கவே முடியவில்லை. அப்பாதான் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் பார்க்கவில்லை, கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

இப்படியே படுத்துட்டா? கடைக்கு யாரு போறது? அம்மாவுக்கு வேலைன்னா உசுரு — நான்தான நடக்க வச்சேன். கைதட்ட வேற செஞ்சேன்.

ஜூலை 3
இப்போது மெதுவாக எழுந்து நடக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்ன வயது அக்கா. நான் கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார்.

போலியோ பல நரம்புகளை அழித்தபோது, மிச்சமிருந்தவை அனாதையான தசைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டனவாம். நாற்பது வருடத்துக்கும் மேலாக இரட்டை வேலை. இப்போது களைக்கின்றன. நல்ல காலையும் அன்றைக்கே போலியோ கொஞ்சம் தொட்டிருக்கலாமாம், யாருக்கும் தெரியாமல். அதை முழுக்கச் சரிசெய்ய மருந்து இல்லை. அளவாக உடற்பயிற்சி, எடை குறைந்த காலிப்பர், எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு.

"உட்கார்ந்தா கால் போயிடாதா டாக்டர்?" என்றாள் அம்மா.

"களைச்சப்புறம் உட்காராதீங்க. களைக்கிறதுக்கு முன்னாடியே உட்காருங்க. இல்லன்னா இருக்கிற பலமும் போயிடும்."



ஜூலை 7
மறுபடி கடைக்குப் போகிறாள். பள்ளி விட்டதும் நானும் போனேன். நின்றுகொண்டிருந்தாள்! ஸ்டூலிலிருந்து பையை எடுத்தேன். அவள் திரும்ப வைத்தாள். எடுத்தேன். வைத்தாள்.

"எத்தினி தபா சொல்லியாச்சி பாப்பா. மகாராணி குந்த மாட்டாங்க" என்றார் கடைக்காரர் அருள்முருகன் அண்ணன்.

ஜூலை 12
யோசித்து, அம்மாவிடம் கேட்டேன்: ஒரு பரிசோதனை செய்யலாமா? ஒரு வாரம் குந்தி வேலை பார். கால் மறந்துபோனால் அப்புறம் உன் இஷ்டம்.

"நான் இன்னா தவளையா, வச்சி ஆராய்ச்சி பண்ண?"

இரவு விளக்கை நிறுத்த வந்தபோது, "ஒரு வாரம்தான்" என்றாள்.

ஜூலை 19, சனி
வாரம் முடிந்தது. கடையில் பை ஆணியில் தொங்குகிறது. அம்மா சாயங்காலம் சுவரைப் பிடிக்காமல் வாசற்படி ஏறினாள். இது முழு நிரூபணம் ஆகாது, ஒரு வாரம்தானே. காலிப்பருக்கும் அளவு கொடுத்துவிட்டாள். "சத்தம் போடாதுல்ல?" என்று அங்கே கேட்டுக்கொண்டாளாம்.

சொல்தாவிடம் எல்லாம் விளக்கினேன். உம்மென்று கேட்டுவிட்டு, பட்டாளத்தில் நடக்கச் சொன்ன பிறகு இளைப்பாறவும் உத்தரவு உண்டு என்றார். அம்மாவைப் பார்த்து விறைப்பாக, "ரெப்போ!"

இப்போது அம்மா படுத்திருக்கிறாள். எழுந்து விளக்கை நிறுத்த வருவாள் என்று பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். வரவில்லை.

"ஜெர்லினு, அந்த லைட்ட நிறுத்துடி."

என்னிடம் கேட்டாள்!

நிறுத்திவிட்டேன். இந்த வரி கோணலாக இருந்தால், இருட்டில் எழுதியது.