தலையாட்டாத கடைக்காரன்

16 ஓகஸ்ட் 1996, வெள்ளி

நித்திரை வரவில்லை. தொலைக்காட்சி நாடகமொன்றில், இந்த நாட்டில் டெய்ரி என்று சொல்லும் தெருமுனைப் பலசரக்குக் கடையின் கடைக்காரன் வேடத்துக்கு இன்று நடித்துக் காட்டப் போனேன். போன வருஷம் என்னைத் திருப்பி அனுப்பிய அதே இயக்குநர். அதை நான் மறக்கவில்லை. அந்த மனுஷன் பேச்சையும் மாற்றவில்லை.

"வசனம் சொல்லும்போது இந்தியர் மாதிரித் தலையை ஆட்டுங்கள். அப்போதுதான் சிரிப்பு வரும்."

காலையில் என் மனைவி பூமணி சொல்லித்தான் அனுப்பினாள்: "தலையை ஆட்டினால் என்ன, குறைஞ்சோ போவியள்? இந்த முறையும் சண்டை பிடிச்சுக்கொண்டு வராதேங்கோ."

யாழ்ப்பாணத்து மேடைகளில் முப்பது வருஷம் சனத்தைச் சிரிக்க வைத்தவன் நான். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இன்றும் தலையை ஆட்டவில்லை. அதற்குப் பதிலாக, எனக்குத் தலையாட்டப் பழக்கும் அந்த மனுஷனையே நடித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தள்ளுவது, கழுத்தை வெட்டி வெட்டிக் காட்டுவது, என் பிடிவாதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது, எல்லாம். கமராக்காரன் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தான். கடைசியில் இயக்குநரும் சிரித்தான்.

"வேடம் உங்களுக்குத்தான். தலை உங்கள் இஷ்டம்."

மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டு வாசலிலேயே பூமணி மறித்தாள். "என்னப்பா, கிடைச்சதோ?"

அவளுக்கு மட்டும் தலையை ஆட்டினேன்.